கட்டைமூக்கன் போன நாள்

டன்லப் தெருவில் நெய்னா முகம்மதுவின் மச்சான் நடத்திய சாப்பாட்டுக் கடையில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற சவரிராஜுக்கும் எட்மண்டுக்கும் என்று விசிறிக்குக் கீழே ஒரு மேசை இருந்தது. அதை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. நெய்னாவோடு மூன்று பேரும் சேர்ந்தால் பேசுகிற ரயில் பேச்சைத் தாங்க மாட்டாமல் மற்றவர்கள் தாமாகவே தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

எம்.ஆர்.டி. நகர ரயிலுக்காக ஊர் முழுதும் தோண்டிப் போட்டிருந்த வருடம் அது. அன்றைய பேச்சு கட்டைமூக்கனைப் பற்றி.

கட்டைமூக்கன் என்பது இவர்கள் வைத்த பெயர். தஞ்சோங் பகாரிலிருந்து சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஜொகூர்ப் பக்கம் போகும் பழைய டீசல் எஞ்சின்களில் ஒன்று. யாரோ முகத்தில் ஒரு குத்து விட்டது போல முன்பக்கம் உள்வாங்கி இருக்கும். புகையைக் கக்கும், எண்ணெயைச் சிந்தும், மழை வந்தால் முரண்டு பிடிக்கும். ஆனால் சுமையோடு ஏற்றத்தில் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் எழும்பும் பாருங்கள், அதற்காகத்தான் சவரிராஜ் விடுமுறை நாளையெல்லாம் தண்டவாள ஓரத்தில் கழித்தான்.

"ஜப்பான்லேருந்து புது எஞ்சின் வந்து இறங்கிடுச்சு" என்றார் நெய்னா. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் பக்கத்தில் அவருக்குச் சில்லறைக் கடை. எஞ்சின் டிரைவர்கள் அவரிடம்தான் சிகரெட் வாங்குவார்கள், சேதியும் சொல்வார்கள். "பழசையெல்லாம் ஒண்ணொண்ணா ஓரங்கட்டுறாங்க. அடுத்த மாசத்தோட நம்ம ஆளும் அவுட்டு."

"அப்புறம்?" என்றான் சவரிராஜ்.

"அப்புறம் என்ன, வெட்டி உருக்கி பிளேடு பண்ணுவான். நாளைக்கு நீ மூஞ்சி சவரம் பண்றப்போ கன்னத்துல கீறிச்சுன்னா, கட்டைமூக்கன் குசலம் விசாரிக்கிறான்னு நினைச்சுக்க."

எட்மண்ட் சிரித்தான். சவரிராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூவருக்கும் பங்கு பிரித்தாகிவிட்டது. நெய்னா சேதி கொண்டுவருவார். காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த எட்மண்ட் படம் எடுப்பான். கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த சவரிராஜ், தோளில் மாட்டிய கேசட் ரெக்கார்டரில் சத்தத்தைப் பிடிப்பான். இந்தப் பங்கில் ஒரே ஒரு சட்டம்தான். எஞ்சின் கண்ணில் பட்டதிலிருந்து கடைசிப் பெட்டியின் ஓசை அடங்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அந்தச் சட்டத்தை எட்மண்ட் ஒருநாளும் முழுசாகக் காப்பாற்றியதில்லை. கேமராவைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டே இருப்பான். கடைசிப் பெட்டி தாண்டியதும், சக்கரச் சத்தம் இன்னும் காற்றில் கிடக்கும்போதே, நெஞ்சைத் திறந்து "அப்பாடி!" என்று ஒரு விடுதலை. சவரிராஜின் கேசட்டுகள் அத்தனையிலும் அந்த அப்பாடி இருந்தது.

"எட்மண்ட் கையெழுத்துப் போடாம ஒரு டேப்பும் உன் வீட்டுக்குப் போகாது லா" என்று நெய்னா கேலி பண்ணுவார்.

"கடைசி ஓட்டத்துக்கு மட்டும் வாயில பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு வர்றேன் மச்சான்" என்றான் எட்மண்ட். "உன் மேல சத்தியம்."

சவரிராஜுக்கு அது போதுமானதாக இருந்தது. முழுச் சுமையோடு கட்டைமூக்கன் ஏற்றம் ஏறுவதைப் பழுதில்லாமல் ஒரு தடவையாவது பிடித்துவிட வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் தவிப்பு. ஒருநாள் மழை கெடுத்தது, ஒருநாள் லாரி கெடுத்தது, மற்ற நாளெல்லாம் எட்மண்ட். இனி மிச்சமிருப்பது ஒரே வாய்ப்பு.

இடம் அவன் கண்டுபிடித்ததுதான். கிராஞ்சியில் ஒரு சீன அம்மாவின் கீரைத் தோட்டத்துக்குப் பின்னால் தண்டவாளம் வளைந்து ஏறுகிறது. உள்ளே விடமாட்டேன் என்று நாயை ஏவிய அந்த அம்மாவை, ஓடாமல் கிடந்த தண்ணீர்ப் பம்பைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்து வசப்படுத்தியிருந்தான். அன்றிலிருந்து அவன் கையைக் காட்டினால் போதும், ரயில் போகும்வரை அந்த அம்மா பம்பை நிறுத்திவைப்பார்.

கடைசி ஓட்டம் சனிக்கிழமை காலை என்று நெய்னாவுக்குச் சேதி வந்தது. சவரிராஜ் ஃபோர்மனிடம் கெஞ்சி லீவு வாங்கினான், புதுப் பேட்டரி போட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்சிலிங்கில் அவன் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்க்கடைக்கு எட்மண்டிடமிருந்து போன் வந்தது.

"சவரி, நாளைக்கு கேன்சல். எஞ்சின் ரிப்பேராம். நெய்னா பாய் சொன்னாரு. அடுத்த வாரம் இருக்கும்."

"நிச்சயமா?"

"நான் உன்கிட்ட பொய் சொல்வேனா?"

எட்மண்டின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன் சவரிராஜ். அவன் ஏன் மேற்கொண்டு கேட்கப் போகிறான்? வாங்கிய லீவு வீணாக வேண்டாம் என்று மனைவி உர்சுலா அவனைச் சிராங்கூன் ரோட்டுக்கு இழுத்துப் போனாள். ஜன்னல் திரைக்குத் துணி எடுத்தார்கள். நீலமா பச்சையா என்று அவள் கேட்க, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றான். கிராஞ்சி வளைவில் கட்டைமூக்கன் கடைசியாக ஏறிக்கொண்டிருந்தது அப்போதுதான்.

மறுநாள் விசிறி மேசைக்கு எட்மண்ட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். நெய்னா கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்கு மலாக்கா போயிருந்தார்.

"போயிடுச்சுடா. ரிப்பேரை ராத்திரியே முடிச்சு அனுப்பிட்டாங்களாம். யாருமே பார்க்கலை" என்றான். சொல்லும்போதே கண் கலங்கியது. சவரிராஜ்தான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். கடைக்கார மச்சான் இரக்கப்பட்டு ஒரு கிளாஸ் தே தாரிக் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நெய்னா ஊர் திரும்பியதும் ஓட்டம் தவறிப்போச்சு என்று சவரிராஜ் சொன்னதோடு சரி, புண்ணைக் கிளற வேண்டாமென்று அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மாதம் சில கழிந்தன. ஒருநாள் நெய்னா தமிழ்ப் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ரயில் ஆர்வலர்கள் கூட்டம் ஒன்று நகரத்தில் நடக்கிறதாம். தனசேகரன் என்பவர், ஓய்வுபெற்ற சரக்கு எஞ்சினின் கடைசி ஓட்டத்தை ஸ்டீரியோவில் பதிவு செய்திருக்கிறாராம், வேறு யாரிடமும் இல்லாததாம், அதைப் போட்டுக் காட்டுகிறாராம்.

"எட்மண்டோட பாஸ் பேரும் தனசேகரன்தானே?" என்றார் நெய்னா.

"இருக்கும். ஊர்ல எத்தனை தனசேகரன்" என்றான் சவரிராஜ். யாரோ ஒருவராவது பிடித்து வைத்திருக்கிறாரே என்று அவனுக்குச் சந்தோஷம்கூட. சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு நெய்னாவோடு போனான்.

மாடி அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னால் பெரிய ஸ்பீக்கர் இரண்டு. அதற்கு வயர் பூட்டிக்கொண்டிருந்தவன் எட்மண்ட். இவர்களைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த பிளக் கீழே விழுந்தது. சொல்லாமல் வந்துவிட்டோமே என்று திகைக்கிறான், அவ்வளவுதான் என்று சவரிராஜ் எண்ணிக்கொண்டான்.

தனசேகரன் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினார். டேப் ஓடத் தொடங்கியது. முதலில் காற்று. பிறகு தூரத்தில் ஹாரன். கூடவே ஒரு மெல்லிய கிறீச், நின்று நின்று, மூச்சு இழுப்பது போல.

சவரிராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் கையால் பேரிங் மாற்றிய பம்பு அது. பொருத்தமான பேரிங் கிடைக்காமல் கொஞ்சம் சிறியதைப் போட்டதால் வருகிற கிறீச். உலகத்தில் வேறெந்தப் பம்பும் அப்படிக் கத்தாது. அதை நிறுத்தச் சொல்லிக் கை காட்டக்கூடப் பதிவு செய்தவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்குள் கட்டைமூக்கன் வந்துவிட்டது. முழுச் சுமை. ஏற்றத்தில் அந்த முழக்கம் அறையின் தரையை அதிரவைத்தது. சவரிராஜின் கண்ணில் நீர் கட்டியது. பெட்டிகள் தடதடத்து, குறைந்து, தேய்ந்தன. சக்கரச் சத்தம் காற்றில் கிடக்கும்போதே, இரண்டு ஸ்பீக்கரிலும் பெரிதாக, நெஞ்சைத் திறந்துகொண்டு:

"அப்பாடி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எட்மண்ட் பாய்ந்து மெஷினை நிறுத்தினான்.

படிக்கட்டில் அவனை நிறுத்தினான் சவரிராஜ். நெய்னா ஒரு படி கீழே நின்றார்.

"போன்ல ரிப்பேர்னு சொன்னே."

"இங்க வேண்டாம் லா சவரி. மெதுவா."

"மெதுவாத்தான் கேக்குறேன். சொன்னியா இல்லியா?"

"நான் ரிப்பேர்னு சொல்லவே இல்லியே, தம்பி" என்றார் நெய்னா. "சனிக்கிழமை காலையில கட்டாயம் போகுது, சவரிக்குச் சொல்லிடுன்னுதானே உன்கிட்ட சொன்னேன்?"

எட்மண்ட் கைப்பிடிச் சுவரையே பார்த்தான். "பாஸ் ஒரு கண்டிஷன் போட்டாரு. அவரைத் தவிர வேற ரெக்கார்டர் அங்க இருக்கக் கூடாதுன்னு. நான் என்ன பண்றது? வருஷக் கடைசியில புரமோஷன். எனக்கும் புள்ளைங்க இருக்கு மச்சான்."

"எனக்குத் தெரியாத புள்ளைங்களா?" சவரிராஜின் குரல் தேய்ந்தது. "என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. மெஷினை வீட்டுல வச்சுட்டு வந்திருப்பேன். சும்மா ஒரு ஓரமா நின்னு கேட்டிருப்பேன்டா."

"அது எனக்குத் தோணலை" என்றான் எட்மண்ட்.

"அன்னிக்கு எப்படிடா அழுதே?" என்றார் நெய்னா. "என் மச்சான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கான், நல்ல மனசுக்காரன், எஞ்சினுக்கே அழுதவன்னு."

அதன்பிறகு எட்மண்ட் வேறு பூசைக்குப் போகத் தொடங்கினான். விசிறி மேசையில் நெய்னாவும் சவரிராஜும் விலைவாசி பேசினார்கள். ஒருநாள் எட்மண்டின் மனைவி பிரிஜட் கோயில் வாசலில் உர்சுலாவின் கையில் ஒரு கேசட்டைத் திணித்துவிட்டு நிற்காமல் போனாள். பாஸ் வீட்டில் எடுத்த நகல். கடைசி ஓட்டம் முழுசாக.

சவரிராஜ் ஏங்கிய சத்தம் அவன் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. அவனால் அதைப் போட்டுக் கேட்க முடியவில்லை. பம்பு வரும், முழக்கம் வரும், அதன் பின்னால் என்ன வரும் என்று தெரியும்.

ஒரு விடுமுறை நாளில் அந்தக் கேசட்டையே ரெக்கார்டரில் போட்டுக்கொண்டு கிராஞ்சிக்குப் போனான். சீன அம்மாவுக்குக் கையைக் காட்டினான். பம்பு நின்றது. புது ஜப்பான் எஞ்சின் வந்தது. வழுவழுவென்று, அலுங்காமல், ஏற்றம் என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் போய்விட்டது. கட்டைமூக்கன் மேல் அதை ஏற்றிப் பதிந்துவிட்டான்.

சாயங்காலம் சமையலறை மேசையில் வைத்துப் போட்டான். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த உர்சுலாவும் கேட்டாள்.

"சுத்தமா இருக்கே. யாரு குரலும் இல்லே" என்றாள்.

ஆமாம், இல்லை. கடைசிப் பெட்டி போயிற்று. சக்கரச் சத்தம் அடங்கியது. அந்த இடத்தில் அவன் காது தன்னை மீறிக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. பிறகு சடக்கென்று ஒரு வெட்டு.

புது ரயில் பழையதைவிடக் குட்டை என்பதை அவன் யோசிக்கவில்லை. அது முடிந்த இடத்தில், அழியாமல் மிஞ்சிய பழைய பதிவின் வால் எழுந்து வந்தது. தேய்கிற சக்கரங்கள். கிறீச், கிறீச். "அப்பாடி!"

கூட்டத்தில் எட்மண்ட் பாய்ந்து நிறுத்திய இடம் அது. இங்கே நிறுத்த ஆளில்லை.

"குட் ஸ்பாட், எட்மண்ட்" என்றது தனசேகரனின் குரல். "எப்படிப்பா தெரியும் இந்த இடம்?"

"நானே அலைஞ்சு கண்டுபிடிச்சது சார். யாருக்குமே தெரியாது."

உர்சுலாவின் கத்தி நின்றது. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அழிச்சிடுங்க" என்றாள்.

அவன் டேப்பைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டினான். பதிவுப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, "ஏதாவது பேசு" என்றான்.

"நான் என்னத்தப் பேச?"

"எதுவா இருந்தாலும் சரி. அவன் பேச்சு மறையணும்."

அவன் பொத்தானை அழுத்தினான். உர்சுலா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மெஷினைப் பார்த்துப் பேசுவதா அவனைப் பார்த்துப் பேசுவதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"அன்னிக்கு சிராங்கூன் ரோட்டுல எடுத்தோமே, அந்தத் திரைத் துணி" என்று ஆரம்பித்தாள். "அப்படியே கிடக்கு. இன்னும் தைக்கவே குடுக்கலை..."

டேப் சுற்றிக்கொண்டிருந்தது.