வறுபட்ட மண்

மகன் பொக்லைன் ஓட்டுகிறவன். அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் நல்ல மஞ்சள் மண் தட்டுப்பட்டால், சாப்பாட்டுப் பையில் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். டிராயிங் டீச்சரான அவன் மனைவி அதை வாளித் தண்ணீரில் கரைத்து, மணலை அடியில் தங்கவிட்டு, மேலே கலங்கி நிற்பதைத் துணியில் வடிகட்டிக் காயவைப்பாள். பிறகு நைசாக அரைத்து, எண்ணெய் விட்டுக் குழைத்தால் வர்ணம் தயார்.

"ஊர்ல பொண்டாட்டிக்கு பூ வாங்கிட்டு வருவாங்க. இவன் சேறு வாரிட்டு வர்றான்" என்பார் அவளுடைய மாமனார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

அந்த மழைக்காலத்தில் மருமகள் அவரையே வரைய ஆரம்பித்தாள். இரண்டாம் நாள் அவர் எழுந்து வந்து பார்த்தார்.

"ஏம்மா, எனக்கு மஞ்சக் காமாலையா?"

"பொறுங்க மாமா, இன்னும் ரத்தம் ஓடல. கடையில வாங்கின சிவப்பு போட்டுப் பாத்தேன், லிப்ஸ்டிக் பூசின மாதிரி இருந்துச்சு. துடைச்சிட்டேன்."

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். தட்டில் பரப்பியிருந்த மஞ்சள் மண், மழை ஈரத்தில் காயாமல் கிடந்தது. நாமாவது உதவுவோமே என்று மாமனார் அதைப் பழைய இரும்புச் சட்டியில் கொட்டி அடுப்பில் வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் கூப்பிட்டார். பேச உட்கார்ந்தால் பாதியில் எழுந்திருக்கிற வழக்கம் இவருக்குக் கிடையாது. திரும்பி வந்தபோது சட்டியில் இருந்தது செங்கல் தூள்.

அடுப்பை அணைத்துவிட்டு, குடையும் பையுமாகக் கிளம்பினார்.

வேலை நடக்கும் இடத்தின் வேலியோரம் அப்பாவைப் பார்த்ததும் மகன் இயந்திரத்தை நிறுத்திக் குதித்து ஓடிவந்தான்.

"என்னப்பா? வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லடா. அந்த மஞ்ச மண்ணு வேணும். இருந்ததைக் கருக்கிட்டேன்."

"அங்க நேத்தே காங்கிரீட் போட்டாச்சேப்பா."

அப்பாவின் முகம் விழுந்ததை மகனால் பார்க்க முடியவில்லை. ஸ்குரூடிரைவரை எடுத்து, பொக்லைன் வாளியின் பல்லிடுக்கில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினான். ஒரு கைப்பிடி தேறியது.

இருவரும் நனைந்துபோய் வீடு திரும்பியபோது, மருமகள் கண்ணாடிப் பலகையில் எதையோ மும்முரமாகக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"இதை வறுத்தது யாரு?"

"நான்தாம்மா. தெரியாம பண்ணிட்டேன். இந்தா, இவ்வளவுதான் கிடைச்சுது."

அவள் பையைப் பார்க்கவே இல்லை. ஈரத்தோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தச் சிவப்புதான் மாமா எனக்கு வேணும்! மஞ்ச மண்ணு சூடு ஏறினா சிவக்கும்னு படிச்சிருக்கேன். இருந்த கொஞ்சத்தையும் அடுப்புல வைக்கத் தைரியம் வரல. நீங்க துணிஞ்சிட்டீங்க."

"துணியலம்மா. பேசிட்டே மறந்துட்டேன்."

மகன் சிரித்த சிரிப்பில் துண்டு கைநழுவி விழுந்தது.

தலை துவட்டிவிட்டு அவர் உட்கார்ந்தார். மூக்கு நுனி, காது மடல், கண்ணுக்குக் கீழே என்று அவள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். முடிந்ததும் அவர் எழுந்து வந்தார். படத்தில் ஒரு கன்னம் மட்டும் மற்றதைவிடக் கூடுதலாகச் சிவந்திருந்தது. டிரைவர் சீட்டில் இருந்த காலமெல்லாம் ஜன்னல் வெயில் விழுந்த கன்னம். வீட்டில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. யாரும் கவனித்ததாகவும் அவருக்குத் தெரியாது.

கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நல்லா இல்லையா மாமா?"

"இருக்கும்மா. நல்லாவே இருக்கு."

படத்தை ஹாலில் மாட்ட வேண்டாம், வெட்கமாக இருக்கிறது என்றார். மாட்டிய பிறகு வருகிறவர்களையெல்லாம் அதற்கு எதிர் நாற்காலியில்தான் உட்காரவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகனின் முறை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தூங்கி விழுந்தான். மாமனார் ஒரு ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு, அவன் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார்.

"எழுப்பாதம்மா. நீ பாட்டுக்கு வரை."