'வெட்டு' என்று ஒரு பெயர்

என் நாத்தனாருக்குக் கம்ப்யூட்டரைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஊரே அவளைக் கூப்பிடும். நான் மட்டும் கூப்பிடுவதில்லை. அன்று வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். என் தையல் கடையில் இருக்கும் குட்டி லினக்ஸ் லேப்டாப், இடமில்லை இடமில்லை என்று மூக்கால் அழுதுகொண்டிருந்தது. ஆன் செய்தாலும் கெஞ்சினால்தான் எழுந்திருக்கும்.

"வாங்கினப்போ இருந்த பழைய சிஸ்டம் பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு அண்ணி. அதைத் தூக்கிட்டு, பூட்லோடரையும் புதுசா போட்டுடறேன்" என்றாள். பூட்லோடர் என்பது லேப்டாப்பைத் தட்டி எழுப்பிவிடும் ஆளாம். எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு.

பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பிக்கொண்டு கட்டிங் மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் மெஷினில் இருந்தேன்.

"டிஸ்க்குல எந்தப் பகுதியை எடுக்கணும் அண்ணி?"

என் வாய் நிறைய குண்டூசி. "பழசை" என்றேன். அது அவள் காதில் எப்படி விழுந்ததோ. கொஞ்ச நேரத்தில், "வெட்டியாச்சு!" என்று பெருமையாகக் குரல் வந்தது.

"எதை?"

"அதான் 'வெட்டு'ன்னு பேரே எழுதி வெச்சிருக்கீங்களே!"

குண்டூசிகளைத் துப்பினேன். தையல்காரிக்கு வெட்டு என்றால் கட்டிங். துணி வெட்டுவதற்கான அளவுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. 'கிணறு' என்று எழுதி வைத்திருந்தால் குதித்திருப்பாளா?

மற்றவற்றுக்கு நகல் இருந்தது. என்னிடம் தைக்கும் டீச்சர் ஒருவருடைய அளவுப் படத்துக்கு மட்டும் இல்லை. டீச்சருக்கு ஆபரேஷன் செய்து ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மறுபடி பள்ளிக்கூடம் போக, இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும்படி ஒரு கோட்டு கேட்டிருந்தார். அளவெடுக்கும்போது கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னார். கையைத் தூக்கும்போதெல்லாம் வலித்தது. கடைசியாக வந்தபோது, "இதோட போதும்மா. இன்னொரு தடவை என்னால நிக்க முடியாது" என்றார். அவரைக் கூப்பிட்டு, மறுபடி நில்லுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்?

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்!" என்று கத்தினேன்.

அவள் முகம் வெளிறிப்போயிற்று. ஆனாலும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "கொஞ்சம் பொறுங்க அண்ணி. நான் சுவரைத்தான் இடிச்சிருக்கேன். சாமான் உள்ள அப்படியே இருக்கும். அது மேல இன்னும் எதையும் எழுதல."

அழிந்த பகுதியைத் தேடும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். திரையில் கோடு ஆமை வேகத்தில் ஊர்ந்தது. ஒருவழியாகப் பழைய எல்லை கிடைத்தது. அதே இடத்தில் சுவரை எழுப்பி, உள்ளே திறந்தாள். டீச்சரின் கோட்டுக்கான படம் குண்டுக்கல்லாட்டம் இருந்தது. முன்பக்கம், பின்பக்கம், இடது பக்கத்துக்கு மட்டும் நான் வைத்திருந்த உள்மடிப்பு, எதுவும் போகவில்லை. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவில் ஏற்றிய பிறகுதான் மீதி வேலையைத் தொட விட்டேன். இந்த முறை ஒவ்வொன்றையும் விரலால் காட்டிக் கேட்டாள். பழைய சிஸ்டம் ஒழிந்தது, இடம் விரிந்தது. புது பூட்லோடர் வந்ததும் லேப்டாப் முதல் தட்டிலேயே எழுந்துகொண்டது.

"பேரை மாத்திடவா அண்ணி?"

"மாத்து. 'தொட்டா கையை ஒடிப்பேன்'னு வை."

சாயங்காலம் துணியை விரித்துக்கொண்டிருந்தபோது டீச்சரே போன் செய்தார்.

"போட்டுப் பார்க்க ஒரு தடவை வரணுமாம்மா?" தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம் டீச்சர். அளவெல்லாம் பத்திரமா இருக்கு. வீட்டுக்கே கொண்டு வந்து தர்றேன். போட்டுக்கிட்டு நேரா ஸ்கூலுக்குப் போங்க."



"இன்னொரு மாசம் லீவு கேட்டுடலாம்னு இருந்தேன்" என்றார். "வேண்டாம். திங்கட்கிழமையே போயிடறேன்."