நூற்றில் ஒரு பங்கு

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சாறிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அந்த என்ஜினியரிங் கம்பனிக்கு ஒரு கதவும் இரண்டு பெயர்ப்பலகைகளும் இருந்தன. யாருடைய பெயர் முதலில் வருவது என்ற சண்டையில் பங்காளிகள் இருவரும் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. பேசாமலே ஒரு கம்பனியை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டால், யார் நடத்துகிறார்கள், அது பள்ளத்தில் உருள்கிறது என்பது அங்கே புதிதாகச் சேர்ந்த நிஷாந்தினியின் பதில். வாய்விட்டுச் சொன்னதில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

வலது பக்க அறையில் ஸ்ரீநிவாசன். தண்ணீர் அவருடையது. நிலத்துக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது, பம்ப் போட்டு இறைத்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவார். இடது பக்க அறையில் யேசுரட்ணம். மண் அவருடையது. பாரம் ஏறினால், ஈரம் வற்றினால் நிலம் எவ்வளவு இறங்கும் என்பது அவருடைய கணக்கு. ஆளுக்கொரு தேத்தண்ணீர்க் கேத்தல், ஆளுக்கொரு பிரிண்டர். நடுவில், கழிவறைக் கதவுக்கு எதிரே, நிஷாந்தினியின் மேசை. தண்ணீர் அறைச் சேதியை மண் அறைக்கும், மண் அறைச் சேதியைத் தண்ணீர் அறைக்கும் காவுவதுதான் அவளுக்கு உண்மையில் கிடைத்த உத்தியோகம்.

“பிள்ளை, அந்தாளிட்டக் கேளும், பிரஷர் கணக்கு முடிஞ்சுதோ எண்டு,” என்பார் யேசுரட்ணம். அந்தாள் நாலு அடி தூரத்தில், திறந்த கதவுக்குள், மிக்ஸர் கொறித்துக்கொண்டிருப்பார். நிஷாந்தினி எழுந்துபோய்க் கேட்பாள். “முடிஞ்சிருச்சுன்னு சொல்லும்மா. படமெல்லாம் கலர்ல வந்திருக்குன்னும் சொல்லு,” என்பார் அவர். அவளும் திரும்பி வந்து சொல்வாள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கியது, இரண்டு கிழட்டுக் கோபங்களுக்கு நடுவே தபால்காரியாக இருக்கத்தான் போலும் என்று தோன்றும். ஆனாலும் ஒவ்வொரு மாலையும் கொட்டாஞ்சேனை அறைக்குப் போகும் பஸ்ஸில், வேலை நல்லாப் போகுது என்று அண்ணன் தயாபரனுக்கு வாய்ஸ் அனுப்புவாள். தங்கச்சி பெர்மனண்ட் ஆகிவிட்டாள் என்று அவன் முந்திக்கொண்டு தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லியிருந்தான். சித்திரைக்கு ஊருக்குப் போனால் எந்த முகத்தோடு போவது?

அப்போதுதான் கடற்கரைக்கு இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றில் கட்டவிருந்த அடுக்குமாடியின் வேலை வந்தது. வாகனம் நிறுத்த நிலத்தை ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டினால் தண்ணீர் ஊறும். பம்ப் வைத்து இறைக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் கொன்ஸ்ரன்ஸ் ரீச்சரின் பாலர் பாடசாலை. இறைக்க இறைக்க அதன் சுவரடி நிலம் எவ்வளவு இறங்கும் என்பதுதான் கேள்வி. இருபத்தைந்து மில்லிமீற்றருக்குள் என்றால் தோண்டலாம். தாண்டினால் கூடாது. இப்போதைக்குச் சோதனைக்கு ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஏற்கெனவே இருந்த வெடிப்புக்குக் குறுக்கே, அசைவு தெரியட்டும் என்று நிஷாந்தினியே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு வந்திருந்தாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அவள் ஒட்டும்போது உள்ளே பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் வற்றினால் மண் இறுகும். மண் இறுகினால் தண்ணீர் ஓடும் வழி மாறும். வழி மாறினால் மண் இறுகுவதும் மாறும். ஒன்றை விட்டு ஒன்றைக் கணக்குப் போட முடியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று விடையைக் கொடுத்து வாங்கி, இனி மாற்றமில்லை என்று ஒரு புள்ளியில் வந்து நிற்க வேண்டும். முதலாம் வருடப் பெடியனுக்கும் தெரிந்த விசயம். ஆனால் இந்தப் பெரிய மனிதர்களின் வழக்கம் வேறு. ஸ்ரீநிவாசன் தண்ணீர்க் கணக்கை ஒருதடவை கொடுப்பார். யேசுரட்ணம் அதை வைத்து மண் கணக்கை ஒருதடவை போடுவார். திருப்பிக் கேட்பது கௌரவக் குறைச்சல். அப்படிப் போட்டதில் வந்தது பதினெட்டு மில்லிமீற்றர். இருவருக்கும் பரம திருப்தி.

நிஷாந்தினி இரண்டு கணக்கையும் மாறி மாறி ஓடவிடும் ஒரு சின்னப் புரோகிராமை எழுதினாள். மனிதர்கள் பேசாவிட்டாலும் கம்ப்யூட்டர்களாவது பேசட்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்குள் வந்தால் ஒத்துப்போய்விட்டது என்று காட்டி நிற்கும். ஆனால் அது நிற்கவில்லை. பதினெட்டு, பிறகு எழுபது, பிறகு பூச்சியத்துக்கும் கீழே என்று வெறிகொண்ட ஊஞ்சலாக ஆடியது.

யேசுரட்ணத்திடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

“வாற விடையை முழுசா எடுக்கக் கூடாது பிள்ளை. பழைய விடையில இருந்து புது விடைப் பக்கம் ஒரு பங்கு தூரம் மட்டும் நகந்து நகந்து போகவேணும்.”

அது சரியான வைத்தியம்தான். ஆடுகிறதைப் பிடித்து மெல்ல நடத்துவது. எவ்வளவு பங்கு என்று கேட்டாள். பத்தில் ஒன்று போட்டுப் பார்த்தார்கள். விடை இருபத்தைந்தைத் தாண்டி மேலே மேலே ஏறியது. அவர் முகம் சுருங்கியது. எட்டி வந்து தன் கையாலேயே நூற்றில் ஒன்று என்று அடித்தார். அடுத்த சுற்றிலேயே புரோகிராம் நின்றது. பதினெட்டரை. ‘ஒத்துப்போய்விட்டது’ என்று பச்சை எழுத்து.

“பாத்தீரோ? அனுபவம் எண்டு ஒண்டு இருக்கு.”

நிஷாந்தினி அந்தப் பச்சை எழுத்தையே பார்த்தாள். இது ஒத்துப்போனதா? ஆமையின் காலில் கல்லைக் கட்டிவிட்டு, பார், அது ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது போல. ஒவ்வொரு அடியும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு என்றால் நின்றுவிட்டது என்று பொருளா? போக வேண்டிய தூரம் அப்படியே கிடக்கிறது. மற்ற அறைக்குப் போய்ச் சொன்னாள். ஸ்ரீநிவாசன் மிக்ஸர்ப் பக்கற்றின் அடியைத் தட்டிக்கொண்டே, மண் தன் பொறுப்பில்லை என்றார். பிறகு குரலைத் தணித்து, வெள்ளிக்கிழமை கட்டடக்காரருடன் நடக்கும் கூட்டத்தில், தண்ணீர், மண் இரண்டு மொடலும் ஒத்துப்போகின்றன என்று அவளே எழுந்து சொன்னால் திங்கட்கிழமை நிரந்தரக் கடிதம் தயார் என்றார். முழுப் பூசணிக்காயை அவர்கள் மறைப்பார்களாம். சோற்றை இவள் போட வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை, கட்டடக்காரர் தரப்பிலிருந்து ஷிஹாரா என்ற என்ஜினியர் வந்தாள். நிஷாந்தினியை விடக் கொஞ்சம்தான் மூத்தவள். பங்காளிகள் மேசையின் ஒரே பக்கத்தில் இரு முனையிலும், ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க வசதியாக ஷிஹாராவை மட்டும் பார்த்துக்கொண்டு அமர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். ஒருவர் தண்ணீரைப் புகழ்ந்தார், மற்றவர் மண்ணைப் புகழ்ந்தார். கடைசியில் ஷிஹாரா நிஷாந்தினியின் பக்கம் திரும்பினாள்.

“மிஸ், நீங்கதானே ரெண்டையும் சேத்து ஓட்டினது. ஒத்து வருதா, இல்லையா?”

லயத்து வாசலில் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது. கூடவே அந்தக் கண்ணாடித் துண்டும் வந்தது.

“ஓடவிட்டே காட்டுறேங்க. சேர் போட்ட நூத்துல ஒன்னு அப்படியே இருக்கு. புரோகிராம்ல நிக்கச் சொல்ற வரிய மட்டும் எடுத்துட்டேன்.”

தேத்தண்ணீர் வந்தது, இரண்டு கேத்தலிலிருந்தும். பங்காளிகள் பிஸ்கட்டை நனைத்தபடி தங்கள் அனுபவத்தைப் பற்றித் தனித்தனியாகப் பேசிக்கொண்டே போனார்கள். அவர்களின் தலைக்கு மேலே இலக்கம் ஊர்ந்தது. பத்தொன்பது. இருபது. அவசரமில்லை, சத்தமில்லை. ஷிஹாரா பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்தாள். இருபத்தைந்தைத் தாண்டியபோது அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். முப்பத்தைந்தில் யேசுரட்ணம் அவள் கண் போன பக்கம் திரும்பிப் பார்த்தார். நாற்பதில் இலக்கம் சோர்ந்தது. நாற்பத்தொன்றைத் தொட்டு, பிறகு எத்தனை சுற்று ஓடியும் அசையாமல் நின்றது.

“இப்பதாங்க ஒத்துப்போயிருக்கு,” என்றாள் நிஷாந்தினி.

யேசுரட்ணம் மெல்லக் கழுத்தைத் திருப்பி, நாலு வருடத்தில் முதல் தடவையாக, ஸ்ரீநிவாசனின் முகத்தைப் பார்த்தார்.

“இவவை நீர்தானே வேலைக்கு எடுத்தனீர்?”

“நான் எங்க எடுத்தேன்? இன்டர்வியூ பண்ணது நீங்க.”

“சரி, ஆர் எடுத்தாலும்... திங்கக்கிழமை வரவேண்டாம் எண்டு சொல்லுவமோ?”

“சொல்லிருவோம். அதுதான் சரி.”

அடடா, என்று நினைத்தாள் நிஷாந்தினி. ஒரே சுற்று. ஆட்டம் இல்லை, ஊஞ்சல் இல்லை, நூற்றில் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு ஏழைப் பெண்ணின் சோற்றில் கை வைப்பதென்றால் இந்த இரண்டு மொடலும் இவ்வளவு அழகாக ஒத்துப்போகும் என்று முன்னமே தெரிந்திருந்தால், தன்னை வைத்தே கணக்கைத் தொடங்கியிருக்கலாம்.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே சாறிக் கடை வாசலில், முன்னமே இறங்கிவிட்ட ஷிஹாரா போனில் யாருடனோ சிங்களத்தில், பம்பை உடனே நிறுத்தும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துவிட்டு, திரையைப் படம் எடுத்துக்கொண்டதாகவும் புதுக் கணக்கு வரும்வரை ஒரு மண்வெட்டியும் நிலத்தில் இறங்காது என்றும் நிஷாந்தினியிடம் சொன்னாள். வேலை தருவதாக எதுவும் சொல்லவில்லை. நிஷாந்தினியும் கேட்கவில்லை.

பஸ்ஸுக்குப் போகாமல் ஒழுங்கைக்குள் நடந்தாள். பம்ப் சத்தம் நின்றிருந்தது. மதிலுக்கு அப்பால் பிள்ளைகள் தாளம் தப்பி எதையோ கத்தினார்கள். எட்டிப் பார்த்தாள்; கண்ணாடித் துண்டு உடையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

“அண்ணே, நான் பெர்மனண்ட் ஆகல. வேலையும் போயிருச்சு. லயத்துல சொன்னத நீயே போய்த் திருப்பிச் சொல்லு, முந்திக்கிட்டுச் சொன்னவன் நீதானே. அம்மாட்ட நான் பேசிக்கிறேன்.” பஸ் பக்கம் திரும்பி நடந்தாள். “கம்பனிக்கு மட்டும் நல்ல காலம்ணே. அந்த ரெண்டு பேரும் இப்ப பேசிக்கிறாங்க.”