ஹாலுக்கு ஒரு விளக்கு

ஜங்லிகாட் விளக்குக் கடையில் பாலகுமார் பலகையில் மாட்டியிருந்த பல்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். ஹாலுக்கு இளமஞ்சள், அடுப்படிக்கு வெள்ளை, படுக்கையறைக்குக் கண்ணை உறுத்தாத சின்ன விளக்கு என்று ஜெயமணி எப்போதோ மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். இந்தத் தீவில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. மிச்ச நேரமெல்லாம் விளக்கோடுதான் குடித்தனம். புதிதாகக் குடிவந்த சிப்பிகாட் வீட்டிலாவது வெளிச்சம் தன் இஷ்டப்படி இருக்கட்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் கணவர் ஜம்புலிங்கமோ, எதைப் போட்டாலும் மங்கல் என்றார்.

“அண்ணே, இதுக்கு மேல பவர் வேணும்னா அடுத்த கப்பல்லதான் வரும். ஹாலுக்கு மஞ்ச லைட்டு போடுங்க, பஹுத் அச்சா இருக்கும்” என்றான் பாலகுமார்.

“ஹேடோ துறைமுகத்துல கிரேன் ஓட்டுற மனுசன். வார்ஃப் லைட்டையே கழட்டிட்டு வந்து மாட்டினாத்தான் அவருக்குத் திருப்தி” என்றாள் ஜெயமணி.

ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. கடையிலேயே பெரிய வெள்ளை பல்பை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் அதை ஹாலில் மாட்டினார்கள். சுவர்ப் பூச்சின் மேடுபள்ளமெல்லாம் பல்லை இளித்தன. கரும்பச்சைச் சேலையில், இருட்டாகக் கிடந்த அடுப்படியின் வாசலில் நின்றுகொண்டு, இதை எப்படிக் கழற்றச் சொல்வது என்று ஜெயமணி யோசித்துக்கொண்டிருந்தாள். அவளை நேராகப் பார்த்தபடி ஜம்புலிங்கம் கேட்டார்.

“ஜெயா, எங்க இருக்க?”

விளையாடுகிறார் என்று நினைத்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை. பேப்பரை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தது, மீனில் முள் எடுத்துத் தரச் சொல்லித் தட்டை அவளிடம் தள்ளியது எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“எத்தன நாளா?”

“மழைக்காலத்துக்கு முன்னாடியிருந்தே. பனி மூடின மாதிரி இருக்கு.”

“அப்புறம் எப்படிங்க கிரேன் ஏறுறீங்க? கீழ ஆளுங்க நிக்கிறாங்களே.”

“கீழ நின்னு வெள்ளைச்சாமி கை காட்டுவான். மஞ்ச ஜாக்கெட்டு போட்டிருப்பான், அது தெரியுது. மெடிக்கல் செக்கப்புல தெரிஞ்சா கீழ எறக்கிருவாங்க ஜெயா. கீழ நின்னு நான் என்ன பண்ணுவேன்?”

கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன அவளுக்கு. வெள்ளைச்சாமியின் பெண்டாட்டி மருதாயிதான் இந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்று வாசலில் கோலம் போட்டவள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்க” என்றாள்.

காலையில் அவர் வேலைச் சீருடை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வேலைக்குத்தான் கிளம்பிவிட்டார் என்று ஜெயமணி நினைத்தாள். அவரோ, இத்தனை வருஷமும் யாரிடமும் கொடுக்காத ஸ்கூட்டர் சாவியை அவளிடம் நீட்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பும்போது, திறந்திருந்த ஜன்னல் வழியே ஹால் தெரிந்தது. காலை வெயிலில் அந்த வெள்ளை விளக்கு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

“லைட்ட அணைக்காம வந்துட்டீங்க” என்றாள்.

ஜம்புலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார்.

“எரியுதா?” என்று கேட்டார்.