நம்ம காசு

ரசீது முழுசாக வெளியே வந்து விழுவதற்குள் போன் வந்துவிட்டது. கடைக்காரப் பெண், தொப்பியைப் பையில் போடட்டுமா, தலையிலேயே வைத்துக்கொள்கிறீர்களா என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே அம்மா அவளுக்குப் பதில் சொல்லாமல் கைப்பைக்குள் போனைத் துழாவினாள். யார் என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வெளிநாட்டு ஊரில் வந்து இறங்கிய மூன்று நாட்களில் அவளுக்கு வந்த பதினோரு அழைப்புகளும் அவள் பெற்ற ஒரே பிள்ளையிடமிருந்துதான்.

"அம்மா, எங்க இருக்க? இப்ப நம்ம காசுல மூவாயிரம் போயிருக்கே. என்ன வாங்கின?"

"தொப்பிப்பா. இங்க வெயில் கண்ணைக் குத்துது."

"தொப்பியா! ஒரு தொப்பிக்கா இவ்வளவு? கார்டை வெளிநாட்டுல தேச்சதுக்குக் கட்டணம் வேற தனி. மெஷின்ல நம்ம நாட்டுக் காசுன்னுதானே அமுக்கின?"

"நீ சொன்ன மாதிரிதான் அமுக்கினேன்."

"சரி, என்ன கலரு?"

"சிவப்பு."

அந்தப் பக்கம் தூரத்திலிருந்து மருமகளின் குரல், "சிவப்பா?" என்று கேட்டது.

"அம்மா," என்றான் மகன், துக்க வீட்டில் பேசும் குரலில். "அப்பா போய் இன்னும் ரெண்டு வருஷம் ஆகல. நாலு பேர் பாத்தா என்ன சொல்வாங்க?"

எக்ஸ்ரே அம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். கடையில் சரியாக நாலு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஜோடி எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நாலாவது ஆள் கூடவந்த தோழி, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த லேப் அக்கா. அவள், "ரொம்ப நல்லாருக்குடி, கழட்டாத" என்றாள்.

முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஊரிலிருக்கும் பாதி நெஞ்சுக்கூடுகளுக்கு ஆணையிட்ட குரல் அது. அப்பேர்ப்பட்டவள், கணவர் போன பதினாறாம் நாள் மகன் நீட்டிய தாள்களில் எங்கே எங்கே என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். "பேங்க் தலைவலியெல்லாம் உனக்கு எதுக்கும்மா? நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா இரு" என்றான் மகன். வந்திருந்த உறவெல்லாம், பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

சின்ன வயதில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மீதியை எண்ணிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான் என்பதால், அவன் அப்பா அவனுக்கு 'ஆடிட்டர்' என்று பெயர் வைத்திருந்தார். வளர்ந்து அவன் ஆனதென்னவோ ஒரு சோபாக் கடைக்கு மேனேஜர்தான். பெயருக்கு மட்டும் பங்கம் வரவில்லை. அம்மாவைப் 'பார்த்துக்கொள்ள' அவன் கண்டுபிடித்த ஏற்பாடு அப்படி. பென்ஷன் அம்மா கணக்கில் விழும். மகன் தன் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினான். மாதம் ஐந்தாம் தேதி அந்தக் கார்டின் பில், முழுசாக, அம்மா கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். அவன் சம்பளம் அவன் கணக்கில் பத்திரமாகத் தூங்கும். கார்டில் பெட்ரோல் போட்டார்கள், சுவர் அளவு டிவி வாங்கினார்கள், மருமகளுக்குப் புது போன் வந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே ஊரான்கூட இல்லை, பெற்றவள். அவளுக்கும் அதே கணக்கில் ஒரு துணைக் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தான், அந்தக் குறை வைக்கவில்லை. அதைத் தேய்த்தால் மட்டும் அவன் போனில் மணி அடிக்கும்.

ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து, லேப் அக்காவோடு பத்து நாள் சுற்றுலாவுக்கு அவளே டிக்கெட் வாங்கினாள். கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் அவள் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்து, 'என் அம்மாவுக்கு என் பரிசு' என்று எழுதிப் போட்டான் ஆடிட்டர். இருநூற்றுச் சொச்சம் பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். எக்ஸ்ரே அம்மாவும் ஒன்று போட்டாள், வேறு என்ன செய்வது?

தொப்பிக் கடையை விட்டு வெளியே வந்ததும் லேப் அக்கா ரசீதைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள். கேட்க ஆளில்லை பாவம் என்று அவளைப் பற்றி ஆஸ்பத்திரியில் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். கேட்க ஆளில்லாததன் சுகம் எக்ஸ்ரே அம்மாவுக்கு இந்த மூன்று நாளாகத்தான் தெரிந்தது.

"ஏண்டி, மெஷின்ல எந்தக் காசுன்னு கேட்டப்ப எதை அமுக்கின?"

"நம்ம நாட்டுக் காசு. இல்லன்னா கணக்குல ஏமாத்திடுவாங்கன்னு பையன் சொல்லியிருக்கான்."

"கூறு கெட்டவளே, அதுலதான் அதிகம் புடுங்குவான்! காசு மாத்துற விலையைக் கடைக்காரன் இஷ்டத்துக்குப் போடுவான். இந்த ஊர்க் காசுன்னு அமுக்கினாத்தான் குறைச்சல். நானும் இதே தொப்பிதான் காலைல வாங்கினேன். ரெண்டு பேருக்கும் எவ்வளவு வித்தியாசம் பாரு."

வித்தியாசத்தில் இரண்டு காபி குடிக்கலாம். பிஸ்கட் எண்ணும் ஆடிட்டர், மூன்று நாளாகப் பைசா பைசாவாக அழுதுகொண்டே, அம்மா கையால் நஷ்டத்தை அமுக்க வைத்திருக்கிறான். எக்ஸ்ரே அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சொன்னால் அவன் மனசு நோகும் என்று அதையும் விழுங்கிக்கொண்டாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்!

மறுநாள் காலையில் புதுச் சட்டம் வந்தது.

"அம்மா, சின்னச் சின்னதா ஏதோ அடிக்கடி போகுதே, என்ன அது? நேத்து மட்டும் நாலு தடவை."

எக்ஸ்ரே அம்மா ஹோட்டல் வாசலில் நின்றபடி குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாத்ரூம் போகக் காசுப்பா. கதவுகிட்ட கார்டைக் காட்டினாத்தான் திறக்கும்."

"நாலு தடவையா?"

"எனக்குச் சுகர் இருக்குல்லப்பா."

"ஹோட்டல்லயே போயிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? ஒரு பிளான் பண்ணிக்கம்மா. சரி, இனிமே கார்டைத் தேய்க்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் அடிச்சுக் கேட்டுடு. கணக்கு தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

அறுபது வயது நிறைந்த ஒருத்தி, தான் எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாள் என்று பெற்ற பிள்ளைக்குக் கணக்கு ஒப்பித்துவிட்டு, போனைப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அன்று முழுக்க அவள் தண்ணீர் குடிக்கவில்லை. படகுத்துறையில் டிக்கெட் எடுக்கும்போது வரிசையில் நின்று மகனைக் கூப்பிட்டாள். அவன் வாடிக்கையாளரோடு இருந்தான், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பின்னால் நின்றவர்கள் தொண்டையைச் செருமினார்கள். டிக்கெட் கொடுக்கிறவன், முடிவு பண்ணிவிட்டு வா என்று அவளை ஓரமாக நிற்கச் சொன்னான். கேட்காமலேயே தேய்த்துவிட்டுப் படகில் ஏறினாள்.

படகு ஏரியின் நடுவில் போகும்போது போனைப் பையின் அடியில் போட்டு, மேலே சால்வையை அமுக்கி வைத்தாள். கரையோர மலை முழுவதும் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. லேப் அக்கா அவளைச் சிவப்புத் தொப்பியோடு படம் எடுத்தாள். அதில் எக்ஸ்ரே அம்மா வாயைத் திறந்து, பல் தெரிய, கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அந்தப் பல்லை யாரும் பார்த்ததில்லை. லேப் அக்கா அந்தப் படத்தைப் பெருமையாகத் தன் வலைப்பக்கத்தில் போட்டாள். வினை அங்கேதான் வந்தது.

அடுத்த நாள் மத்தியானம், ரயில் நிலையத்தின் பொதுக் கழிப்பறை வாசல். எக்ஸ்ரே அம்மா கார்டைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டுக் காட்டினாள். மறுபடி சிவப்பு. கதவின் இரும்புக் கம்பி அசைய மறுத்தது. பின்னால் எட்டுப் பேர். லேப் அக்கா எதிர்க்கடையில் ரொட்டி வாங்கப் போயிருந்தாள். அவசரமோ அவசரம். அப்போது போனில் மகனின் செய்தி வந்து விழுந்தது.

'அம்மா, உன் கார்டை ரெண்டு நாளைக்கு நிறுத்தி வெச்சிருக்கேன். உன் பாதுகாப்புக்குத்தான். கேட்டுட்டுச் செய்னு சொன்னேன், நீ கேக்கல. போட்டோ பாத்துட்டு மாமனார் வீட்ல எல்லாம் ஒரு மாதிரி பேசறாங்க. செலவுக்கு லேப் ஆன்ட்டிகிட்ட வாங்கிக்க, அப்புறம் குடுத்துக்கலாம்.'

வரிசையில் அடுத்து நின்றிருந்த கிழவி, முன்பின் தெரியாதவள், எக்ஸ்ரே அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தன் கார்டை நீட்டிக் காட்டினாள், கதவு திறந்தது, போ போ என்று முதுகில் தட்டி உள்ளே அனுப்பினாள். மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவள், ஒரு கழிப்பறைக் கதவுக்குத் தர்மம் வாங்கினாள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்ட பிறகுதான் அழுதாள். அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது, அதுவும் தன்மேல்.

வெளியே வந்து முகம் கழுவி, பெஞ்சில் உட்கார்ந்து, பென்ஷன் போடும் பேங்குக்குப் போன் செய்தாள். பிறந்த தேதி, கணக்கு எண், பழைய வீட்டு முகவரி எல்லாம் கேட்டு முடித்த பேங்க் பெண், தேனாகப் பேசினாள்.

"சொல்லுங்கம்மா, என்ன செய்யணும்?"

"என் கணக்குலேருந்து மாசாமாசம் ஒரு கார்டு பில்லு போகுதே..."

"ஆமாம்மா. அஞ்சாம் தேதி போகும். அதாவது நாளைக்கு. ஆனா அந்தக் கார்டு உங்க பேர்ல இல்லையே?"

"என் பையன் பேர்ல. அதை நிறுத்தணும்னா யார்கிட்டக் கேக்கணும்?"

பேங்க் பெண்ணுக்குப் புரியவில்லை. "யார்கிட்டயும் கேக்க வேணாம்மா. கணக்கு உங்களோடது. நீங்க சொன்னாப் போதும்."

"நான் சொன்னாப் போதுமா?"

"போதும்மா."

லேப் அக்கா ரொட்டிப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப நிறுத்திடுங்க."

"சரிம்மா. காரணம் என்னன்னு போட்டுக்கட்டும்?"

"பாதுகாப்புக்குன்னு போட்டுக்குங்க."

பென்ஷன் கணக்குக்கு அவள் பெயரிலேயே ஒரு கார்டு இரண்டு வருஷமாக இருக்கிறதாம். அப்படியென்றால் வீட்டில் மகனின் பீரோவுக்குள்தான் இருக்கும், பத்திரமாக. அதைத் தேட வேண்டாம், போனிலேயே அந்தக் கார்டைக் கொண்டுவந்துவிடலாம் என்று பேங்க் பெண் வழி சொன்னாள். லேப் அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். முதல் காரியமாக எக்ஸ்ரே அம்மா கழிப்பறை வாசலுக்குத் திரும்பிப் போனாள். கிழவியைக் காணோம். கையைப் பிசைந்துகொண்டு வரிசையில் நின்ற ஒரு கர்ப்பிணிக்குக் கதவைத் திறந்துவிட்டு வந்தாள்.

ஐந்தாம் தேதி போயிற்று. ஆறாம் தேதி மத்தியானம், அவர்கள் இரண்டாம் தடவையாகப் படகுத்துறையில் நின்றார்கள். இந்தத் தடவை மெஷின் எந்தக் காசு என்று கேட்டதும், எக்ஸ்ரே அம்மா அந்த ஊர்க் காசை அமுக்கினாள். டிக்கெட் கைக்கு வந்தது. போன் வரவில்லை. எத்தனை அமைதியான ஊர் இது என்று அப்போதுதான் தெரிந்தது.

படகில் ஏறி உட்கார்ந்த பிறகு வந்தது.

"அம்மா!" மகனின் குரலில் ஆடிட்டரைக் காணோம், பிஸ்கட் டப்பா காலியாகிவிட்ட சின்னப் பையன் மட்டும் தெரிந்தான். "கார்டு வேலை செய்யலம்மா. அந்த டிவி வாங்கினதுல லிமிட் எல்லாம் முடிஞ்சிருக்கு. நேத்து பில்லு கட்டியிருந்தாத்தான் மறுபடி ஓடும். உன் கணக்குலேருந்து பணம் வரலன்னு சொல்றாங்க. ஏதாவது தப்பா அமுக்கிட்டியா?"

"நீ எங்கப்பா இருக்க?"

"சூப்பர் மார்க்கெட்ல. பில்லு போட்டாச்சு. அவ வீட்டுக்காரங்க எல்லாம் சாப்பிட வர்றாங்க. கையில வேற கார்டு எடுத்துட்டு வரல. பின்னாடி ஒரே கூட்டம்."

கூட்டம் தொண்டையைச் செருமுவது அவளுக்கும் கேட்டது. யாரோ, "சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார்கள். மருமகள் ஏதோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எக்ஸ்ரே அம்மாவுக்கு மனசு ஒரு கணம் இளகத்தான் செய்தது. கதவின் இரும்புக் கம்பி ஞாபகம் வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"அம்மா, பேங்குக்கு ஒரு வார்த்தை சொல்லும்மா. எல்லாம் நம்ம காசுதானே!"

"ஆமாம்பா, நம்ம காசுதான்," என்றாள் எக்ஸ்ரே அம்மா. "அதனாலதான் கேக்கறேன். சொல்லு, என்ன வாங்கின?"