தட்டக்கூடாத கதவு

டொக், டொக், டொக்!

"ஐயோ! யாரைக் கேட்டுத் தட்டினீங்க?" இயக்குநர் துள்ளி எழுந்ததில், வெயில் காலத்திலும் கழற்றாத அவர் மஃப்ளர் காபியைத் தட்டிவிட்டுத் தரையில் விழுந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தின் நடுவே, மரக்கதவொன்றின் முன் கை ஓங்கியபடி நின்றார் எஃபெக்ட்ஸ்காரர். திரையில் யார் நடந்தாலும், இங்கே செருப்பு மாட்டி நடந்து சத்தம் கொடுப்பவர். ஐம்பதை நெருங்கும் தனிக்கட்டை. கூட இருப்பவரைப் பற்றி யாராவது கேட்டால், "ரூம்மேட்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

திரையில் கதாநாயகன், வெளிநாட்டுப் பனியில், நண்பன் வீட்டு வாசலில் நின்றான். தன் மனம் நாடுவது பெண்ணையா, ஆணையா என்று ஒன்பது நிமிடம் யோசிப்பான். பிறகு திரும்பிப் போய்விடுவான். படம் அவ்வளவுதான்.

"நாலு நிமிஷமா நிக்கிறானே, தட்டிடுவான்னு நினைச்சேன் சார்."

"தட்டினா அது மசாலாப் படம்! எனக்குக் காலடியில ஆன்மாவோட தயக்கம் வேணும்."

பதினான்காவது டேக்கும் போயிற்று. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் அங்க போய் ஆராய்ச்சி பண்ணேன். உங்களுக்கு எங்க புரியப்போகுது? இந்த வலி நம்ம ஊர்ல எவனுக்கு வந்திருக்கு? ஒருத்தனைக் காட்டுங்க, கால்ல விழறேன்!"

எஃபெக்ட்ஸ்காரர் மைக்கைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ரெக்கார்டிங் பெண். வாயைத் திறந்தால் இத்தனை வருடம் கட்டிக்காத்தது சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை போய்விடும்.

செருப்பைக் கழற்றினார்.

"அப்படி நிக்கிறவன் காலைத் தேய்க்கமாட்டான் சார். உள்ள கேட்டுடும்னு செருப்பைக் கையில வச்சிருப்பான். லிஃப்ட் வந்தா, பக்கத்து வீட்டுக்கு வந்தவன் மாதிரி நடிப்பான். நான் மூணு நாள் நின்னேன். நாலாவது நாள் அவரே கதவைத் திறந்து, 'என்னடா, வாட்ச்மேன் வேலைக்கா வந்தே? உள்ள வா, சாப்பாடு ஆறுது'ன்னாரு. பதினாறு வருஷமாச்சு. இன்னிக்கு டிபன்கூட அந்த 'ரூம்மேட்' கட்டிக் கொடுத்ததுதான்."

ரெக்கார்டிங் பெண் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணே… நான் தினமும் பிடுங்கித் திங்கிறேனே, அது அவரு சமையலா?"

"ஆமாம்மா. உனக்கும் சேர்த்துத்தான் வைக்கிறாரு."

இயக்குநர் மெல்லக் குனிந்தார். எஃபெக்ட்ஸ்காரரின் காலடியில் கிடந்த தன் மஃப்ளரை எடுத்து, காபியைப் பிழிந்தார்.

"நல்லாவே கற்பனை பண்றீங்க. ஆனா நிஜ வாழ்க்கையில இப்படியெல்லாம் நடக்காதுங்க!"