நீக்கும் கருவிக்கான குறிப்பு

தம்பி ஒற்றைக் காலில் நின்று மறு காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினேன்.

“என்னடா இது, ‘கணக்கை நீக்கும்.’ அவ்வளவுதானா?”

“நீக்கும் கருவி நீக்காம, காபி போட்டுக் குடுக்குமாக்கா?”

இருவருக்கும் ஒரே அலுவலகம். ஜனங்கள் ஒருவருக்கொருவர் குரல்செய்தி அனுப்பும் செயலி எங்களுடையது. அவன் கருவிகள் செய்வான். அவற்றுக்கு விவரக்குறிப்பு எழுதுவது என் வேலை. இந்தக் கருவியை மனிதர்கள் தொடப்போவதில்லை. மனிதருக்குப் பதிலாக வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டுகள் குறிப்பைப் படித்துவிட்டுத் தாமே இயக்கிக்கொள்ளும். குறிப்பில் இல்லாதது அவற்றுக்கு உலகத்திலேயே இல்லை.

“கணக்கு போனா, அதுலேருந்து மத்தவங்களுக்கு அனுப்புன செய்தியும் போயிடுமா?”

“போயிடும்.”

“திரும்ப வருமா?”

“நீக்கும்போது ஒரு ரசீது எண் வரும். முப்பது நாளுக்குள்ள அதைக் குடுத்தா வரும். அப்புறம் தலைகீழா நின்னாலும் வராது.”

“இதெல்லாம் எங்கடா எழுதியிருக்க?”

“உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சாயங்காலம் உக்காந்து எழுதிடலாம்க்கா. நேரமாச்சு.”

மதியம் அலுவலக மாடிப்படியில் விழுந்தான். இதயம் என்றார்கள். முப்பத்தொரு வயது.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அந்தக் குறிப்பை மட்டும் திறக்கக் கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று வேறு கருவிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் போனில் அவன் கடைசியாக அனுப்பிய செய்தி இருந்தது. ‘அம்மா, சாவிய வீட்லயே விட்டுட்டேன். தூங்கிடாத, கதவைத் தொறந்து விடு.’ பதினோரு விநாடி. அம்மா தினமும் கேட்பாள். வெகு நாளாக அந்தச் சத்தம் இல்லை என்பது ஒரு காலையில்தான் எனக்கு உறைத்தது.

“இப்பல்லாம் தம்பி பேசுனதக் கேக்கறதில்லையாம்மா?”

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “அதைக் காணோமே. நீதான் அழிச்சிருப்பேன்னு நெனச்சேன்.”

“நானா?”

“நான் அழுதுட்டே கெடக்கேனேன்னு. நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பேன்னு கேக்கல.”

“எப்பலேருந்தும்மா காணோம்?”

“ஒரு மாசம் இருக்குமே.”

இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு அலுவலகம் போய்ச் சேர்ந்திருக்கிறேன். மதியம்தான் அதைக் கவனித்தேன்.

எங்கள் டீம் லீடருக்குத் தம்பி வைத்த பெயர் ‘அவசரம்’. எந்த மின்னஞ்சலுக்கும் அதுதான் தலைப்பு. அவர் கருவியின் பதிவைத் திறந்து பார்த்தார். வேலையில் இல்லாதவர்களின் கணக்குகளை நீக்கும்படி ஓர் ஏஜென்ட்டிடம் சொல்லியிருந்தார்கள். அதன் கையில் இருந்தது தம்பியின் அந்த ஒற்றை வரிக் குறிப்புதான். தம்பி வீட்டுக்குப் பேசியதும் அலுவலகக் கணக்கிலிருந்துதான். அது நீக்கப்பட்டு அன்று மாலை 4.40-க்கு முப்பது நாள் முடிகிறது. அப்போது மணி பத்தரை.

ரசீது எண் எங்கே என்று ஏஜென்ட்டிடமே கேட்டேன். “ஓர் எண் வந்தது. அதைச் சேமிக்க வேண்டும் என்று குறிப்பில் இல்லை. சேமிக்கவில்லை” என்றது.

“திமிரப் பாத்தியாம்மா?” என்றார் டீம் லீடர்.

“அது என்ன சார் பண்ணும்? சொல்ல வேண்டியவ நான். சொல்லல.”

சர்வரின் பழைய பதிவுகளில் அன்றைய ரசீது எண்கள் கிடைத்தன. எதிலும் பெயர் இல்லை. தம்பியின் கணக்கு நீங்கிய அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் முந்நூற்றுப் பதினொன்று. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் யாருடைய கணக்கு என்று காட்டும். பட்டியலில் அவர் மேலிருந்து வந்தார், நான் கீழிருந்து போனேன். சாப்பிடவில்லை. யாரோ தேநீர் வைத்தார்கள், ஆடை படிந்தது. மூன்றரை ஆனது. யார் யாருடைய பெயர்களோ வந்து போயின. என் விரல் தப்பான எண்களை அடித்தது, திருத்தினேன், மறுபடி தப்பானது. அன்று அவர் ‘அவசரம்’ என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

4.12-க்கு, “இந்தா, ஒன் தம்பி” என்றார்.

மீட்டோம். கூட இருந்தவர்கள் கிளம்பச் சொன்னார்கள். நான் எழுந்திருக்காமல் எழுதினேன்:

‘இந்தக் கருவி ஒருவரின் கணக்கை நீக்கும். அவர் பிறருக்கு அனுப்பிய செய்திகளும் அவர்களிடமிருந்து மறையும். முப்பது நாளுக்குப் பின் எதையும் மீட்க முடியாது. பதிலில் வரும் ரசீது எண்ணைக் கட்டாயம் சேமிக்கவும். மீட்க வேறு வழி இல்லை. நீக்குவதற்கு முன் எத்தனை பேருடைய செய்திகள் மறையும் என்பதைச் சொல்லி, ஒரு மனிதரின் சம்மதம் பெறவும். சம்மதம் வராவிட்டால் நீக்க வேண்டாம்.’

ஒரு சோதனைக் கணக்கைக் கொடுத்து, நீக்கச் சொன்னேன். ஏஜென்ட் கேட்டது: “இரண்டு பேரிடமிருந்து ஒன்பது செய்திகள் மறையும். நீக்கலாமா?”

‘வேண்டாம்’ என்று அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“நான் அழிக்கலம்மா” என்று போனை அம்மா கையில் கொடுத்தேன். அம்மா உடனே கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, செய்தியின் ஓரத்திலிருந்த எண்ணைப் பார்த்தாள்.

பதினோரு விநாடி.